வெள்ளிக்கிழமைச் சூடு

10 ஜூன் 2025, செவ்வாய்

மழை இந்த வருடம் முந்திக்கொண்டது. தகரக் கூரைமேல் காயப் போட்டிருந்த பிளாஸ்டிக் சில்லு முழுக்க மறுபடி நனைந்துவிட்டது. அந்த எரிச்சலில் நான் மேலே நின்று கத்திக்கொண்டிருக்கும்போதுதான் கம்பெனி ஆட்கள் பெட்டியோடு வந்தார்கள். நல்ல நேரம் பார்த்தார்கள்.

பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கிறது. உருக்கும் மெஷினுக்குப் போகும் கரண்ட் வயரில் ஒரு கொக்கி, கழுவும் தொட்டிக் குழாயில் ஒன்று, மெஷினைச் சூடாக்கும் பட்டையில் ஒன்று. ஒரு கிலோ தானா, அதாவது உருக்கி வெட்டிய பிளாஸ்டிக் மணி, செய்ய எவ்வளவு கரண்ட், எவ்வளவு தண்ணீர் ஆகிறது என்று இனி என் போனிலேயே தெரியுமாம். நன்றாகச் செய்தால் பச்சை, வீணாக்கினால் சிவப்பு. எங்கள் தானாவை வாங்கி ஷாம்பூ பாட்டில் செய்கிற கம்பெனி இது. பெட்டி மாட்டாத பட்டறையில் அடுத்த வருடம் சரக்கு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு விருப்பம்தானே என்று வேறு கேட்டார்கள்.

என் மகள் மெஹக்குக்கு ஒரே சந்தோஷம். பி.காம். முடித்துவிட்டு என்னோடுதான் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாள். "அத்தா, இனிமே தாராவிச் சரக்குன்னு யாரும் மூக்கைப் பொத்த முடியாது. நம்ம கிட்ட ப்ரூஃப் இருக்கு" என்றாள்.

முப்பது வருடமாக இந்த மும்பை தூக்கி எறிந்த வாளியையும் மூடியையும் உருக்கித் திரும்பக் கொடுக்கிறேன். இத்தனை நாள் அதற்கு அழுக்கு வேலை என்று பெயர். இப்போது சஸ்டெயினபிலிட்டியாம். பெயர் மாறியதில் வருத்தம் இல்லை. பெட்டி வந்து சாட்சி சொன்னால்தான் நம்புவார்கள் என்பதுதான் உறைக்கிறது.

இந்த டைரியைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். மெஹக்குக்குத் தமிழ் படிக்க வராது. சைனபுக்கு வரும், ஆனால் புருஷன் கையெழுத்தைப் படிக்கிற பொறுமை கிடையாது.

11 ஜூன், புதன்

பெட்டி வேலை செய்கிறது. எல்லாம் சிவப்பு.

19 ஜூன், வியாழன்

மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கூட்டம். கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற பன்னிரண்டு பட்டறைக்காரர்களும் வந்திருந்தோம். கம்பெனி தரப்பில் அபர்ணா என்று ஒரு பெண். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுகிறாள். செம்பூரில் ஆபீஸ்.

டிஜிட்டல் வந்ததில் உங்கள் பட்டறைக்கு என்ன நன்மை, சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றாள். காட்கோபர் காசிம் பாய் எழுந்து, "நம்மளப் பாத்துக்கிட்டே இருக்க ஒரு கண்ணை மாட்டிருக்காங்க. வேற என்ன நன்மை?" என்றார். மான்குர்த் ராஜபாண்டி, "மொதல்ல கரண்ட்டு ஒழுங்கா வரட்டும், பெறவு அளக்கலாம்" என்றான். என் முறை வந்ததும் நான் கேட்டேன்: "எங்க கரண்டை அளக்குறீங்க, சரி. அந்த வாளியக் குப்பையில போட்டாங்கள்ல, அவங்க வீட்ல ஒரு பெட்டி மாட்டுனீங்களா?" ஹாலே கைதட்டியது.

அபர்ணா கோபப்படவில்லை. "நீங்க சொல்றது வாஸ்தவம்தான் அங்கிள். ஆனா அளந்தாத்தானே குறைக்க முடியும்?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

கடைசியில் திரையில் பன்னிரண்டு பட்டறைகளின் பெயரையும் வரிசை போட்டுக் காட்டினார்கள். இதே வரிசை, அந்தந்த நேரத்துப் பச்சை சிவப்போடு, எல்லாருடைய போனிலும் வருமாம். நாங்கள் ஒன்பதாவது. காசிம் பாய் ஐந்தாவது! கழுவிய தண்ணீரை வாசலிலேயே கொட்டுகிற மனுஷன். அதற்குப் பிறகு காபி இறங்கவில்லை.

2 ஜூலை, புதன்

நியாயத்தை நியாயமாக எழுத வேண்டும். மெஷின் சும்மா ஓடும்போதே கரண்ட் அதிகம் இழுக்கிறது என்று பெட்டி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் மோட்டார் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. எத்தனை மாதமாகவோ. எனக்கும் தெரியவில்லை, பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டுகிற வேல்ராஜுக்கும் தெரியவில்லை. பெல்ட் மாற்றினோம். மறுநாளே பச்சை. தொட்டிக் குழாயில் ஒரு கசிவையும் அதுதான் காட்டிக் கொடுத்தது.

வரிசையில் நான்காவது. காசிம் பாய் ஆறாவது!

எழுந்ததும் போனைத்தான் தேடுகிறேன். சைனப் இன்று கேட்டேவிட்டாள்: "புள்ள கையில போனப் பாத்தா வஞ்சீங்களே, இப்ப ஒங்கள யாரு வைய?"

4 ஜூலை, வெள்ளி

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை சிவப்பு. காரணம் தேட வேண்டியதில்லை. அது ஜும்மா தொழுகை நேரம்.

எங்கள் சந்தில் மட்டுமில்லை, இந்தத் தொழிலில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். வேலைக்காரர்கள் அநேகம் பேர் முஸ்லிம்கள். பாங்கு சொன்னதும் போட்டது போட்டபடி தொழப் போய்விடுவார்கள். மெஷினைக் குளிர விட முடியாது. உள்ளே உருகிக் கிடக்கிற பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும். அதனால் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டு, சூட்டைக் கொஞ்சம் இறக்கி, அப்படியே வைத்திருப்போம். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அது வேல்ராஜ். மெஷின்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துச் சூடாக்கி, சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டு காவல் இருப்பான். நாங்கள் வந்ததும் ஓட்டத்தைப் போடுவான். பதினெட்டு வருடமாக நடக்கிறது.

பெட்டிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சூடு எரிகிறது, சரக்கு வரவில்லை. வீண். சிவப்பு.

மெஹக் சொல்கிறாள், "அந்த ஒரு மணி நேரத்த ஸ்டாண்ட்பைனு போடச் சொல்லலாம் அத்தா. அபர்ணா கிட்ட கேட்டாப் போதும்."

வேண்டாம் என்றேன். தொழப் போகிறோம், அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நான் போய்க் கையேந்துவதா? இவர்கள் தொழுகையால் இவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று யாராவது ஒருத்தன் ஒரு மீட்டிங்கில் சொல்வதற்கு நானே எடுத்துக் கொடுப்பதா?

"யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க அத்தா" என்றாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூற்று மூன்று ஜனவரிக் கலவரத்தின்போது இந்த ஊரில் எனக்குப் பதினெட்டு வயது. இதை அவளுக்கு எந்த பாஷையில் சொல்வது?

11 ஜூலை, வெள்ளி

இன்று வேல்ராஜிடம் சொன்னேன். "வேலு, ஓட்டத்தோட சூட்டையும் அணைச்சிரு. நாங்க வாரதுக்குக் கொஞ்சம் முன்னால போட்டுக்கோ."

"அணைச்சா உள்ள எறுகிரும் பாய்."

"அதான் போன்ல சூடு காட்டுதுல்லா. எரநூறு வந்தப்பொறவு ஓட்டு."

"அது வெளிச் சூடுல்லா காட்டும். உள்ள எளகிச்சா இல்லியான்னு..."

"வெளிய சுட்டா உள்ள சுடாதால? நீ என்ன இட்லியா அவிக்க?"

பிறகு, சரி பாய் என்றான்.

ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனில் நாள் முழுக்கப் பச்சை. சாம்பார் மட்டும் ஆறிப்போச்சு பாய் என்றான். எல்லாரும் சிரித்தோம்.

25 ஜூலை, வெள்ளி

முதல் இடம்!

அபர்ணாவே போன் செய்தாள். "டாப்ல இருக்கேள் அங்கிள். தாராவியோட பெருமை நீங்க." பாராட்டு என்றால் எனக்குக் கூச்சம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

காசிம் பாயும் கூப்பிட்டார். "அபு, என்னல மருந்து போடுத?" சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

8 ஆகஸ்ட், வெள்ளி

வேல்ராஜ் முகத்தில் அடித்துவிட்டது.

தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தேன். சந்து முனையிலேயே ஆள் ஓடி வந்தான். உள்ளே போனால் மெஹக் அவன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அலறிக்கொண்டிருக்கிறாள். அவன் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் காற்றில் பிடித்துக்கொண்டு—

போனில் இருநூறு காட்டியிருக்கிறது. ஓட்டத்தைப் போட்டிருக்கிறான். மெஷின் வாயில் ஒரு கட்டி இளகாமல் இருந்திருக்கிறது. நூல் நூலாக வர வேண்டிய பிளாஸ்டிக் வரவில்லையே என்று குனிந்து பார்த்திருக்கிறான். பின்னால் இருந்து உருகிய குழம்பு தள்ள, கட்டி தெறித்து, மொத்தமும்—

முகத்தில் இடது பக்கம். கழுத்து. முழங்கை வரை. பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் விடாது. தண்ணீர் ஊற்றினாலும் விடாது.

டாக்ஸியில் என் மடியில் தலை. "மெசின அணைச்சாங்களா பாய்?" என்று கேக்கான். என்கிட்ட. என்கிட்டப் போயி அதக் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? யா அல்லாஹ், நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

9 ஆகஸ்ட், சனி

இடது கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

வேல்ராஜ் மனைவி சண்முகவடிவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த நேரத்துல சூடு ஏன் அணைஞ்சி கெடந்துச்சு அண்ணே? வெள்ளிக்கெழம அவுக அதுலதான சோத்தச் சுட வைப்பாக?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா அணைக்கச் சொன்னேன்."

எழுந்து போய் வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றுதான் போனைத் திறந்து வெள்ளிக்கிழமையைப் பார்த்தேன். ஒரு மணியிலிருந்து பச்சை. அதற்குப் பிறகு கோடே இல்லை. அன்று மெஷின் ஓடவில்லை, கரண்ட் எரியவில்லை, தண்ணீர் போகவில்லை. அதனால் அந்த வாரம் எங்களுக்கு இதுவரை வராத மார்க் வந்திருக்கிறது. கீழே ஒரு சின்னச் செடியின் படம் போட்டு, சபாஷ் என்று எழுதியிருக்கிறது.

சுவரில் இருந்த பெட்டியைப் பிடுங்கி எறியப் போனேன். மெஹக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டி என்ன பண்ணுச்சு அத்தா?" என்றாள். ஒன்றும் பண்ணவில்லை. பெல்ட்டைச் சொன்னது, கசிவைச் சொன்னது, சூட்டைச் சொன்னது. கேட்டதைச் சொன்னது. மீதியை நான் கேட்டிருக்க வேண்டும்.

கம்பெனிக்கு எழுதிப் போட வேண்டும் என்று மெஹக் நிற்கிறாள். பொறு என்றிருக்கிறேன். எழுதினால் பட்டறையை நிறுத்தி வைப்பார்கள். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இது உண்மையான காரணம்தான். ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்று இந்த டைரியில்கூடப் பொய் எழுத முடியாது. முதல் இடத்தில் என் பெயர் இருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி

இடது கண் போய்விட்டது. இன்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

சூட்டை இப்போது அணைப்பதில்லை. நாங்கள் தொழப் போகும்போது மெஹக் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டோம். ஏன் என்று கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

வேல்ராஜை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். சம்பளமும் மருந்துச் செலவும் என் பொறுப்பு என்று சொன்னேன். சண்முகவடிவு, "அது ஒங்க கடமைதான அண்ணே" என்றாள். கடமைதான். அதைச் சொல்லிவிட்டு நன்றியை எதிர்பார்த்து நின்றேன் என்பதுதான் கேவலம்.

கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பு வந்திருக்கிறது. செப்டம்பர் பதினெட்டு, பெரிய ஓட்டலில் விழா. சிறந்த சிறு பட்டறை நாங்கள்தானாம். டிஜிட்டல் முறையால் சுற்றுச்சூழலை எப்படிக் காப்பாற்றினோம் என்று மேடையில் பேச வேண்டும்.

"போங்க. அங்க வச்சுச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்" என்றாள் மெஹக். இந்த மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

18 செப்டம்பர், வியாழன்

சொல்லவில்லை.

நான்கு நாளாகக் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மேடையில் சோபா போட்டிருந்தார்கள். கையில் பூங்கொத்து கொடுத்தார்கள். என்னென்ன மாற்றினீர்கள் என்று அபர்ணா இந்தியில் கேட்டாள். பெல்ட்டைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். இன்னும் ஏதாவது அங்கிள், என்றாள். இதோ, இப்போது என்று நினைத்து வாயைத் திறந்தேன். "மெஷின் நின்றால் சூட்டையும் நிறுத்திவிடுவோம்" என்று வந்தது. அந்த வாக்கியத்தோடு நின்றுவிட்டது. கைதட்டல். பெரிய அதிகாரி ஒருவர் எழுந்து வந்து கை குலுக்கினார். பாருங்கள், எவ்வளவு எளிய யோசனை என்று மற்றவர்களிடம் சொன்னார்.

மெஹக் முன் வரிசையில் இருந்தாள். கைதட்டவில்லை. திரும்பி வரும்போது காரில் முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோழை. வேறு வார்த்தை தேட வேண்டாம்.

20 செப்டம்பர், சனி

வேல்ராஜ் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். விழா வீடியோவை யாரோ அவனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"நல்லா பேசுனீங்க பாய்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலே சொன்னான்:

"சூட்ட அணைக்கத வரைக்கும் சொல்லிட்டீங்க. அதுக்கு மேல உள்ளதச் சொல்ல விடலியா?"

விட்டார்கள் வேலு, நான்தான் சொல்லவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சண்முகவடிவு டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். அந்த வீட்டில் உட்கார்ந்து அந்த டீயைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது, குடிக்காமல் எழுந்து போகவும் வெட்கமாக இருந்தது.

29 செப்டம்பர், திங்கள்

பன்னிரண்டு பட்டறைகளின் போனுக்கும் இன்று ஒரு செய்தி வந்திருக்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும். மேலே பூங்கொத்தோடு என் படம். "மெஷின் நின்றால் சூட்டையும் நிறுத்துங்கள். தாராவி அபுதாஹிர் பாய் காட்டிய வழி." இந்த வெள்ளிக்கிழமை முதல் அப்படிச் செய்கிறவர்களுக்குக் கூடுதல் மார்க்காம்.

காசிம் பாயிடமிருந்து ஒரு சிரிப்புப் படம் வந்தது. "ஓ, இதுதானா அந்த மருந்து!"

ஒவ்வொரு பட்டறையிலும் வெள்ளிக்கிழமை ஒருத்தன் மெஷின் பக்கத்தில் இருப்பான். ஒவ்வொருத்தனும் போனைப் பார்ப்பான். இருநூறு காட்டும்.

30 செப்டம்பர், செவ்வாய்

மெஹக்கையும் கூட்டிக்கொண்டு செம்பூர் ஆபீசுக்குப் போனேன். அபர்ணாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வேல்ராஜின் படத்தை மெஹக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், ஜும்மா நேரத்தை ஸ்டாண்ட்பைனு மாத்த ஒரு பட்டன் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா ரெண்டு நிமிஷத்துல போட்டிருப்பேனே. ஏன் அங்கிள் கேக்கல?"

ஏன் கேட்கவில்லை என்று சொன்னேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக மெஹக் என் தோளில் கை வைத்தாள்.

அந்தச் செய்தியை அபர்ணாவால் எடுக்க முடியாதாம். அது தலைமை ஆபீசிலிருந்து வருவது. விபத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் விசாரிக்க வேண்டும், பிறகுதான் எடுப்பார்கள். அதுவரை எங்கள் சரக்கை நிறுத்தி வைப்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஹக் டைப் செய்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆபீசில் தசரா விடுமுறை. திங்கட்கிழமைக்கு முன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும்.

1 அக்டோபர், புதன்

காலையிலிருந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. "மொத எடத்த மத்தவனுக்கு விட மனசு வரலியோ?" என்று ஒருத்தன் சிரித்தான். "ஒங்க ஆளுக்குக் கை சரியில்ல. எங்க ஆளு பாத்துக்கிடுவான்" என்றார் காசிம் பாய். குறை சொல்ல முடியாது. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன்.

வேல்ராஜ் வீட்டுக்குப் போனேன். எதையும் கேட்க வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். "போன்ல சொன்னா யாரு நம்புவா பாய்? இருங்க, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்தான்.

சண்முகவடிவு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இவுக மூஞ்சியக் காட்டி ஒங்க பேரக் காப்பாத்திக்கிடவா அண்ணே?"

"எம் பேரு போயிட்டும்மா. அதுக்காக வரல."

"நீ வெலகு. அங்க மெசின்ல நிக்கவன் பூரா நம்மளோட இருந்தவனுவ" என்றான் வேல்ராஜ். அவள் விலகினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ஆயுத பூஜை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மெஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளியும் வேலைக்காரர்களும் ஒரே இடத்தில் இருக்கிற நாள். பட்டறை பட்டறையாகப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் பொரி கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் வேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றினான். "நான்தான் சூட்டை அணைக்கச் சொன்னேன்" என்று ஒவ்வொரு இடத்திலும் நான் சொன்னேன். இரண்டாவது பட்டறையில், மூன்றாவது பட்டறையில், சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

2 அக்டோபர், வியாழன்

காட்கோபர். காசிம் பாய் வேல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் ஊர் பாஷையில் எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும் திட்டினார். கேட்டுக்கொண்டேன். கடைசியில், "தொழப் போறேன்னு சொல்ல ஒனக்கு என்னல வெக்கம்?" என்றார். அதற்கு மட்டும் பதில் சொல்ல நினைத்தேன். வெட்கம் இல்லை, பயம். ஆனால் அவரும் இதே மும்பையில் அதே வருடங்களை வாழ்ந்தவர்தான்.

மான்குர்த்தில் ராஜபாண்டி பட்டறை பூட்டிக் கிடந்தது. தசராவுக்கு ஷீரடி போயிருக்கிறானாம். போன் எடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு வந்தோம். அங்கே மெஷின் ஓட்டுகிறவன் மாரீஸ்வரன். அவனுக்கும் வேல்ராஜ் போன் போட்டுப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தான்.

3 அக்டோபர், வெள்ளி

சரக்கை நிறுத்தி வைத்ததால் எங்கள் பெயர் வரிசையில் சாம்பல் நிறமாகிவிட்டது. மற்ற பெயர்களை என் போனில் பார்க்க முடியாது. தொழுகை முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால் காசிம் பாய் தன் போனிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தார். பத்துப் பட்டறை சிவப்பு. காட்கோபர் சிவப்பு. நாங்கள் நேற்றும் முந்தாநாளும் ஏறி இறங்கிய அத்தனை வாசலும் சிவப்பு. இந்த நிறத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று ஜூன் மாதம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

கீழே ஒன்று மட்டும் பச்சை. மான்குர்த்.

செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் பட்டறைக்கு ஓடினேன். வேல்ராஜ் இன்று முதல் தடவையாக வந்திருந்தான், மெஹக்கோடு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டான். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று மெஹக்கிடம் கொடுத்தான். அவள் மாரீஸ்வரன் நம்பரைப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுத்தான்.

"ஏல மாரி, வேல்ராஜ் பேசுதேன். ஓட்டம் போட்டுட்டியா?"

ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "இப்பத்தாண்ணே போடப் போறேன். சூடு வந்துட்டு. போன்ல எரநூறு காட்டுது."

"எனக்கும் காட்டுச்சில."

வேல்ராஜ் நிதானமாகச் சொன்னான்: "கைய எடு. ஓட்டம் போடாத. சூடு அப்படியே கெடக்கட்டும். நீ வெளிய வந்து நில்லு. ஒரு மணி நேரம் கழிச்சு நானே கூப்புடுதேன், அதுக்கப்பொறவு கம்பிய உள்ள விட்டு எளகிச்சான்னு பாரு. குனிஞ்சு பாக்காத. கேக்கா?"

கேக்குதுண்ணே என்றான். வெளியே தெருச் சத்தம் கேட்கும் வரை வேல்ராஜ் போனை வைக்க விடவில்லை.

பிறகு காத்திருந்தோம். அந்த மெஷின் சூடாகவும் சும்மாவும் இருந்தால் பெட்டி எப்படியும் காட்டிக் கொடுக்கும். காசிம் பாயிடமிருந்து அடுத்த படம் வந்தது.

"என்ன கலரு பாய்?" என்று வேல்ராஜ் கேட்டான்.

"செவப்பு."

அப்ப சரி என்று சொல்லிவிட்டு, சாப்பிடக் கை கழுவப் போனான்.